சாவியைக் கொடுக்கும் முன் ஒரு சீட்டு



நம்ம குழுக்கள் ஆரம்பிச்ச காலத்துல வண்டி ஓட்டும் உறுப்பினர்களை விரல் விட்டு எண்ணிடலாம். இப்போ அப்படி இல்லை. பால் சொசைட்டிக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட, பூக்கூடையை மார்க்கெட்டுக்குக் கொண்டு போக என்று நிறைய பேர் வண்டி வாங்கியிருக்கோம். குழுக் கடன்ல வாங்கினவங்க உண்டு. 2018-ல் தமிழக அரசு தொடங்கிய வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஸ்கூட்டர் மானியத்துல வாங்கினவங்களும் உண்டு. வண்டி வந்தா ரிப்பேரும் வரும். ரிப்பேர் செய்த வேலை சரியில்லை என்றால் என்ன செய்வது? பல கூட்டங்கள்ல இந்தக் கேள்வி வந்ததால இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு சகோதரிக்கு நடந்தது

எங்கள் பகுதியில் ஒரு குழு உறுப்பினர். ரெண்டு கறவை மாடு வெச்சிருக்காங்க. சொசைட்டி நாலு கிலோமீட்டர். குழு மூலமா 40,000 ரூபாய் கடன் எடுத்து, கையில இருந்ததையும் போட்டு ஒரு மொபெட் வாங்கினாங்க. மாதம் 2,000 ரூபாய் தவணை. பால் பணத்துலதான் தவணை கட்டணும்.

ஒருநாள் வண்டியில புகை அதிகமா வந்தது. இன்ஜின் ஆயிலும் சீக்கிரம் குறைஞ்சது. பட்டறையில் காட்டினாங்க. "போர் போட்டு, பிஸ்டன், ரிங் மாத்தணும் அக்கா. 6,800 ஆகும்" என்றார் மெக்கானிக். சரி தம்பின்னு சாவியைக் கொடுத்துட்டு வந்துட்டாங்க. ஆறு நாள் கழிச்சு வண்டி வந்தது. 5,000 ரூபாய் கையில கொடுத்தாங்க. மீதி 1,800 ரூபாயை மகன் போன் மூலமா அனுப்பினான். பில் கேட்கலை, அவரும் தரலை.

ஒன்பதாம் நாள் மறுபடி அதே புகை.

போய்க் கேட்டா, "வேகமா ஓட்டியிருப்பீங்க அக்கா" என்றார். ரெண்டாம் தடவை போனப்போ, "நாங்க அன்னைக்கு ஆயில்தான் மாத்தினோம்" என்றார். மூணாம் தடவை, "வீட்டுல ஆம்பளைங்க இருந்தா வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றார். அன்னைக்கு அழுதுகிட்டே வந்த சகோதரி, அடுத்த குழுக் கூட்டத்துலதான் இதைச் சொன்னாங்க.

நாங்க உட்கார்ந்து யோசிச்சோம். என்ன ஆதாரம் இருக்கு? சீட்டு இல்லை, பில் இல்லை, கழற்றின பழைய பிஸ்டனும் இல்லை. மகன் அனுப்பின 1,800 ரூபாய்க்கு மட்டும் போன்ல பதிவு இருந்தது. தேதி, பட்டறைக்காரர் பேர் ரெண்டும் அதுல இருந்தது. வெறும் ஆயில் மாத்த 1,800 ரூபாயான்னு கேட்க அது ஒண்ணுதான் பிடி கொடுத்தது. கடிதம் எழுதினோம். அப்புறம் சகோதரி, குழு ஊக்குநர், வேறொரு மெக்கானிக் மூணு பேரும் போய், எங்க எதிரிலேயே இன்ஜினைப் பிரிக்கச் சொன்னாங்க. ரிங் புதுசு. பிஸ்டன் பழசு. போர் வேலை நடந்த அடையாளமே இல்லை. "கடைப் பையன் செஞ்ச வேலை, எனக்குத் தெரியாது" என்றார். பிறகு கூலி வாங்காம முழு வேலையையும் செய்து கொடுத்தார்.

முழு வெற்றின்னு சொல்ல முடியாது. மொத்தம் 24 நாள் வண்டி இல்லை. பாலை வேறொருத்தர் வண்டியில அனுப்ப நாளுக்கு 50 ரூபாய் வீதம் 1,200 ரூபாய் போனது போனதுதான். அந்த மாதத் தவணையும் தள்ளிப் போச்சு.

குழுவில் செய்வோம், பட்டறையில் மறப்போம்

யோசிச்சுப் பாருங்க. நம்ம குழுவில் 500 ரூபாய் உள்கடன் கொடுக்கணும்னாலும் தீர்மான நோட்டுல எழுதறோம். எதுக்குக் கடன், எத்தனை தவணை என்று பதிவு பண்ணி எல்லாரும் கையெழுத்துப் போடறோம். அக்கா தங்கச்சி மாதிரி பழகினாலும் இதை விடறது இல்லை. நம்பிக்கை இல்லாததாலயா எழுதறோம்? இல்லை. நாளைக்கு மனஸ்தாபம் வரக்கூடாதுன்னுதான் எழுதறோம்.

ஆனா 50,000, 60,000 ரூபாய் பெறுமான வண்டியை பட்டறையில் விடும்போது மட்டும் வாய்ப் பேச்சோட வந்துடறோம். "நமக்கு வண்டி பத்தி என்ன தெரியும்" என்ற கூச்சம்தான் காரணம். இன்ஜின் பற்றித் தெரியணும்னு அவசியமே இல்லை சகோதரிகளே. எழுதி வாங்கத் தெரிந்தால் போதும். அது நமக்கு நல்லாவே தெரியும்.

வண்டியை விடும்போது

ஒரு வெள்ளைத் தாள் போதும். கீழே உள்ளதை எழுதி, மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்குங்க. கடைப் பெயர் அச்சடித்த சீட்டு இருந்தா இன்னும் நல்லது.

1. வண்டி எண், விட்ட தேதி, மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டர்.

2. என்ன குறை என்பது. "இன்ஜின் வேலை" என்று மட்டும் எழுதாதீங்க. நீங்க பார்த்ததை, கேட்டதை எழுதுங்க. "காலையில ஸ்டார்ட் பண்ணும்போது புகை வருது", "மேட்டுல இழுக்கலை", "பின் பிரேக் பிடிச்சா கீச்சுன்னு சத்தம்" இப்படி.

3. செய்யப் போகும் வேலை, மாற்றப் போகும் பாகங்கள். பாகம் கம்பெனி பாகமா, வேறு தயாரிப்பா என்றும் கேட்டு எழுதுங்க. விலை வித்தியாசம் நிறைய இருக்கும்.

4. உத்தேசத் தொகை. பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியா.

5. "இதுக்கு மேல வேலை வந்தா போன்ல கேட்டுட்டுதான் செய்யணும்" என்று ஒரு வரி.

6. "கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி. இது ரொம்ப முக்கியம். பழைய பிஸ்டன் நம்ம கையில வந்தாத்தான் மாற்றியது நிச்சயம். நம்ம சகோதரி ஏமாந்த இடம் இதுதான்.

7. எந்தத் தேதியில் தருவார், செய்த வேலைக்கு எத்தனை நாள் அல்லது எத்தனை கிலோமீட்டர் பொறுப்பு.

எழுதியதை போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. வண்டியை நாலு பக்கமும், மீட்டரையும் படம் எடுங்க. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்கள், பிள்ளைகளையோ ஊக்குநரையோ எழுதச் சொல்லலாம்.

"இதெல்லாம் கேட்டா மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று ஒரு கூட்டத்துல கேட்டாங்க. நல்ல மெக்கானிக் கோவிக்க மாட்டார். "நாளைக்கு ரெண்டு பேருக்கும் குழப்பம் வரக்கூடாது, அதுக்குத்தான் தம்பி" என்று சிரிச்ச முகமா சொல்லிப் பாருங்க. எழுதவே மாட்டேன் என்கிறவரிடம் வண்டியை விடலாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

வண்டியை எடுக்கும்போது

பணம் கொடுக்கும் முன் ஓட்டிப் பாருங்க. பட்டறை வாசலோட நிறுத்தாம, ஒரு மேடு, ஒரு பள்ளம் வருகிற மாதிரி ரெண்டு கிலோமீட்டராவது போயிட்டு வாங்க. முடிஞ்சா மெக்கானிக்கையே பின்னால உட்கார வெச்சுக்கோங்க. முன் பிரேக், பின் பிரேக், லைட், ஹாரன் எல்லாம் பாருங்க. வண்டி நின்ற இடத்துல ஆயில் சொட்டு விழுந்திருக்கான்னு குனிஞ்சு பாருங்க. பிரேக்கில் சந்தேகம் இருந்தா, "ஓட ஓட சரியாயிடும்" என்று சொன்னாலும் எடுக்காதீங்க. பின்னால பிள்ளை உட்காரப் போகுது.

அப்புறம் பில். பாகம், கூலி தனித்தனியா எழுதி, தேதி போட்டு வாங்குங்க. முடிந்தவரை பணத்தை போன் மூலமா அனுப்புங்க, பதிவு நிற்கும். பழைய பாகங்களை ஒரு பையில் வாங்கி வந்து கொஞ்ச நாள் வீட்டுல வெச்சிருங்க.

போர் போட்டு பிஸ்டன் மாத்தினா, ஆரம்பத்துல கொஞ்ச தூரத்துக்கு வேகம் கூடாது, பாரம் கூடாது என்பார்கள். எத்தனை கிலோமீட்டர் வரை, எப்போ ஆயில் மாத்தணும் என்று கேட்டு பில் பின்னாலேயே எழுதி வாங்குங்க. பிறகு "நீங்க ஓட்டினது சரியில்லை" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. நாமும் அதன்படி நடக்கணும்.

மறுபடி அதே குறை வந்தால்

முதல் வேலை, வண்டியை ஓட்டறதை நிறுத்துவது. அவசரத்துக்கு ஓட்டிக்கிட்டே இருந்தா சேதம் கூடும். "நீங்க ஓட்டித்தான் கெடுத்தீங்க" என்று சொல்லவும் வழியாகும்.

ரெண்டாவது, கோபத்துல உடனே வேற பட்டறையில் பிரிச்சிடாதீங்க. பிரிச்சுட்டா முதலில் செய்த வேலை எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் போயிடும். வேற மெக்கானிக்கைக் கூட்டி வந்து பார்க்கச் சொல்லலாம். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். பிரிப்பதாக இருந்தால் முதல் பட்டறைக்காரருக்குத் தகவல் சொல்லி, அவர் எதிரில் பிரிப்பது நல்லது.

மூணாவது, அன்னைக்கே அல்லது மறுநாளே பட்டறைக்குத் தகவல் சொல்லுங்க. போன்ல பேசினாலும், பிறகு குறுஞ்செய்தியா அனுப்பி வையுங்க.

இங்கே நாமும் நியாயமா இருக்கணும். பிரேக் சரி பண்ணக் கொடுத்தோம், பத்து நாள்ல பேட்டரி போச்சு என்றால் அது அவர் குற்றம் ஆகாது. பழைய வண்டியில ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு போறதும் உண்டு. மெக்கானிக்கும் நம்மளை மாதிரி உழைச்சுப் பிழைக்கிறவர்தான். முதலில் சரி செய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்க. ஆனா அந்த வாய்ப்புக்கு ஒரு தேதி சொல்லுங்க. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பது தேதி இல்லை.

பணம் கட்டினாத்தான் வண்டி என்றால்?

வேலை சரியில்லைன்னு தெரிஞ்சும், முழுப் பணம் கட்டாம வண்டியைத் தர மாட்டேன் என்பார்கள். செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வெச்சுக்க, உழைத்தவருக்கு 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் இடம் இருக்கு. அதனால சண்டை போட்டு வண்டியை இழுத்துக்கிட்டு வராதீங்க. கடன் பாக்கிக்கும் பால் வேலைக்கும் வண்டி உடனே வேணும் என்றால் பணத்தைக் கட்டிடுங்க. ஆனா பில்லில், "வேலை திருப்தி இல்லை, ஆட்சேபணையுடன் பணம் கட்டுகிறேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அதைப் படம் எடுத்துக்கோங்க. பணம் கட்டிட்டதால நம்ம உரிமை போயிடாது.

கடிதம் எப்படி எழுதுவது?

வாய்ப் பேச்சு நடக்கலைன்னா கடிதம். திட்டி எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதினால் போதும். ஒரு மாதிரி:

"ஐயா, என்னுடைய ........ எண்ணுள்ள வண்டியை ........ தேதியில் தங்கள் பட்டறையில் ........ குறைக்காக விட்டேன். ........ வேலை செய்ததாகச் சொல்லி ரூ........ பெற்றீர்கள். ........ தேதியில் அதே குறை மீண்டும் வந்தது. ........, ........ தேதிகளில் நேரில் வந்து சொல்லியும் சரி செய்யவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வேலையைக் கட்டணமின்றிச் சரியாகச் செய்து தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

ரெண்டு பிரதி எழுதி ஒன்றை வெச்சுக்கோங்க. முன்னெல்லாம் ரிஜிஸ்டர் தபால் என்போம். 2025-ல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துட்டாங்க. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்க. கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியும் வேணும் என்று தபால் ஆபீசில் சொல்லுங்க. பல பிரச்சினைகள் இந்தக் கடிதத்தோடேயே முடிஞ்சிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலா, 2019-ல் புதிய சட்டம் வந்தது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கு. நாம் தெரிஞ்சுக்க வேண்டியவை:

காசு வாங்கிச் செய்யும் வேலையில் தரக்குறைவு இருந்தால் அது சேவைக் குறைபாடு. பட்டறை வேலையும் சேவைதான்.

வேலைக்கோ பொருளுக்கோ பில், ரசீது தராமல் இருப்பதையே இந்தச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. பில் கேட்பது நம்ம உரிமை.

தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர், அதற்காகத் தானே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் தள்ளி வைப்பதில்லை. பால் கேன் கட்டிப் போகிற வண்டின்னு சொல்லி யாராவது மறுத்தால் இதை எடுத்துச் சொல்லலாம்.

பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் செய்யணும்.

பட்டறை வேற மாவட்டத்துல இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

5 லட்சம் ரூபாய் வரை உள்ள விவகாரத்துக்குப் புகார் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நாமே பேசலாம்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணலாம். தமிழிலும் பேசலாம். புகார் எண் தருவார்கள், அதைக் குறிச்சு வையுங்க. அவங்க சமரசத்துக்கு முயற்சி செய்வாங்களே தவிர, தீர்ப்பு சொல்ல மாட்டாங்க. தீர்ப்பு வேணும்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். சட்டப்படி எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து 3 மாதத்துக்குள், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்துக்குள் முடிக்கப் பார்க்கணும். நடைமுறையில் அதுக்கு மேலயும் ஆவது உண்டு. போக வர பஸ் செலவு, கூலி நாள் இழப்பு எல்லாம் கணக்குப் போட்டு முடிவு எடுங்க.

புகார் எழுத உதவி வேணும்னா, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ, தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவையோ அணுகுங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

குழு என்ன செய்யலாம்?

பிரச்சினை வந்த உறுப்பினரைத் தனியா அனுப்பாதீங்க. ரெண்டு பேர் கூடப் போங்க. இருபது பேர் போய்ப் பட்டறை முன்னாடி சத்தம் போடறதும் வேண்டாம். அது நம்ம பக்கத்து நியாயத்தைக் கெடுத்துடும். ஒருத்தர் பேசணும், இன்னொருத்தர் எழுதணும், அது போதும்.

வண்டி நின்னு தவணை தள்ளிப் போகும் போல இருந்தால், அதை முன்கூட்டியே கூட்டத்துல சொல்லுங்க. நம்ம சகோதரி வெட்கப்பட்டு ரெண்டு வாரம் சொல்லாம இருந்தாங்க. முதல் வாரமே சொல்லியிருந்தா, உள்கடனில் பார்த்து உதவியிருக்கலாம், கடிதமும் முன்னாடியே போயிருக்கும்.

ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துல, எந்தப் பட்டறையில் பில் கொடுக்கறாங்க, பழைய பாகத்தைத் திருப்பித் தர்றாங்க என்று உறுப்பினர்கள் அனுபவத்தைப் பகிர்ந்துக்கலாம். நல்லா வேலை செய்கிறவருக்கு நம்ம எல்லார் வண்டியும் போகட்டும். அவரும் பிழைக்கட்டும்.

அந்தச் சகோதரி இப்பவும் அதே மொபெட்லதான் பால் கொண்டு போறாங்க. போன மாதம் பிரேக் ஷூ மாத்த வேற பட்டறைக்குப் போனாங்க. 350 ரூபாய் வேலைதான். பேத்தியோட ரஃப் நோட்டுலயிருந்து ஒரு தாள் கிழிச்சு எழுதி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாங்களாம். வண்டி வரும்போது பழைய ஷூவும் பையில வந்திருக்கு.

அடுத்த கூட்டத்துல இந்தப் பக்கத்தை ஒருத்தர் சத்தமா வாசிங்க. வண்டி வெச்சிருக்கும் ஒவ்வொருத்தரும் அந்தச் சீட்டின் ஏழு விஷயத்தையும் ஒரு தாள்ல எழுதி, வண்டிப் பெட்டியில போட்டு வையுங்க.